அம்மாவின் முழு ஓட்டு

ஐம்பத்தொரு வயது வரை நான் அமெரிக்கப் பழங்குடிகளான ஓசேஜ் இனத்தவள் இல்லை. ஊரார் அப்படிச் சொல்லவில்லை, சட்டம் சொன்னது. எங்கள் மண்ணுக்கடியில் எடுக்கும் எண்ணெயின் வருமானத்தில் பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் எங்கள் இனப் பேரவைத் தேர்தலில் ஓட்டு. பங்கு என் அம்மா அகஸ்டாவிடம் இருந்தது. அவள் போனால்தான் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி. ஓட்டும் அரை ஓட்டு. நூறு வருஷத்துக்கு முன் வாஷிங்டனில் எழுதிய சட்டம். எழுதியவனுக்கு அம்மா இருந்தாளோ என்னவோ.

எங்கள் ஊர் பாஹஸ்காவில் இதை வைத்தே ஒருவரையொருவர் கிண்டல் செய்வோம். "அம்மா சௌக்கியமா? அடடா, அப்ப இந்தத் தடவையும் ஓட்டு இல்லையா?" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். என் சிநேகிதி லியோட்டாவின் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு மாமா அவள் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். வழக்கமான வேடிக்கைதான். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றோடு எனக்குச் சிரிப்பு விட்டுப்போயிற்று.

பிறகு வாஷிங்டன் இறங்கிவந்தது. யார் ஓசேஜ், எப்படி ஆள்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று ஒரு புதுச் சட்டம். எங்களுக்கென்று அரசியலமைப்பு வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். அதில் ஆளுக்கு ஒரு ஓட்டு, பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அம்மா வேண்டாம் என்றாள். எண்ணெய் வருமானம் பழையபடி பங்குக்காரர்களுக்கே என்று புது அரசியலமைப்பில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். மசியவில்லை.

"அவங்க காகிதத்துல கை வச்சப்பல்லாம் நம்மகிட்டயிருந்து ஏதோ ஒண்ணு போயிருக்குடி. இதுவும் போனா என்ன மிச்சம்?"

"நான் மிச்சம் இல்லையாம்மா?"

அவள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பங்குக்காக அவளுடைய அத்தையைக் கொன்றிருக்கிறார்கள். கொன்றவன் கட்டிய புருஷன்.

வாக்கெடுப்பன்று நான்தான் அவளைக் காரில் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் வாசலோடு நின்றுவிடுவேன். அன்று அவளோடு உள்ளே போய் எனக்கும் ஓட்டுச் சீட்டு வாங்கினேன். அத்தனை பேர் நடுவில் வெட்கமில்லாமல் அழுதேன்.

காரில் ஏறியதும் அம்மா கேட்டாள்.

"வேணும்னு போட்டியா?"

"ஆமாம்மா."

"நான் வேண்டாம்னு போட்டேன். என் ஓட்டை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டே."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையைத் தட்டினாள்.

"சும்மா இருடி. நான் செத்தப்புறம் அரை ஓட்டுப் போட வேண்டியவ, நான் உயிரோட இருக்கறப்பவே எனக்கெதிரா முழு ஓட்டுப் போட்டிருக்கே. வண்டியை எடு."