பதினாலாயிரம் கிலோமீட்டர்

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தைப் பிரபா முந்தானையால் துடைத்தாள். உள்ளே அப்பாவின் முகம் சற்றே தெளிந்து மறுபடி மங்கியது. மூக்கில் வைத்த பஞ்சு நனைந்திருந்தது.

"தம்பி எங்க வர்றானாம்?" என்றார் சித்தப்பா நாராயணசாமி.

"சான்பிரான்சிஸ்கோல இருந்து பதினாலாயிரம் கிலோமீட்டர் சித்தப்பா. நேரா வந்தா பதினேழு மணி நேரம். மாறி வந்தா ஒரு நாளுக்கு மேல ஆகும்."

"முந்தாநாள் சாயங்காலமே சொல்லியாச்சு. ஏர்போர்ட்ல எறங்கி நடந்து வந்திருந்தாகூட இந்நேரம் ஸ்ரீராம்புரம் வந்திருப்பான்."

"ஹெப்பாள் ட்ராஃபிக்ல மாட்டியிருப்பான் அண்ணா," என்றாள் பக்கத்து வீட்டு டோரீன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா சொர்ணம் பெட்டியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "வர்றேன்னு சொன்னான்."

எல்லோரும்தான் கேட்டார்கள். அன்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு அழுதபோது, தம்பி தினேஷ் கடைசியில், "சரிம்மா, வர்றேன்" என்றான். தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

எந்த விமானம் என்று பிரபா நேற்றே மெசேஜில் கேட்டிருந்தாள். படித்துவிட்டான், பதில் இல்லை.

அவள் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே நின்று அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"ரூம்லதாங்க்கா."

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் உனக்காக அப்பாவை வெச்சிட்டு உக்காந்திருக்காங்க. வர்றேன்னு சொன்னியே."

"நானா? எப்ப?"

அவனுக்கே புரிய நேரம் பிடித்தது.

"அக்கா... போனை வெக்கறதுக்கு நம்ம வீட்டுல அப்படித்தானே சொல்வோம்."

ஆமாம். 'வெச்சிடறேன்' என்றால் அப்பாவுக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசியபோதும், வர்றேன்னு சொல்லிட்டு வைடா என்றுதான் அவனைத் திருத்தினார். அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். அவளுக்கும் உறைக்கவில்லை, அல்லது உறைக்க விடவில்லை.

"விசா பேப்பர் இமிக்ரேஷன்காரங்க கையில இருக்குக்கா. இப்ப கெளம்பினா திரும்ப உள்ள விட மாட்டாங்க. ரெண்டு நாளா இதை எப்படிச் சொல்றதுன்னு..."

"சரி."

அவன் அறையில் ஏதோ மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. எப்படி முடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லை அவன் சொல்வதாக இல்லை. வேறு சொல் அவளிடமும் இல்லை. அழைப்பைத் துண்டிக்காமல் செல்போனை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"எடுத்துடலாம் சித்தப்பா."

"பையன்?"

"எடுத்துடலாம்."

நாராயணசாமி அண்ணியைப் பார்த்தார். சொர்ணம் மகளின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பெட்டியின் காலிலிருந்து கையை எடுத்தாள்.

"கொள்ளி யாரு போடுறது?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"நான்தான்."

அவர் வாசலுக்குப் போய் மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். சந்து அதிரத் தொடங்கியது. டோரீன் சட்டியில் நெருப்பைப் போட்டுக் கொண்டுவந்தாள். பிரபா அதை வாங்கிக்கொண்டு, தூக்கியவர்களுக்கு முன்னால் வெயிலில் இறங்கினாள். ஹரிச்சந்திர காட் சுடுகாட்டுக்குப் போகும் வழியெல்லாம் இடுப்பில் செல்போன் சுட்டுக்கொண்டே வந்தது.