பத்தாவது கோட்டை

எங்கள் வீட்டுக்கு முதலும் கடைசியுமாக வந்த வீடியோ கேம் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது. கொன்றது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஜெனிவாலுக்கு சாவோ பாவ்லோவில் கட்டட வேலை. வருடத்துக்கு ஒரே தடவை, ஜூன் திருவிழாவுக்குத்தான் எங்கள் ஊர் கருவாருவுக்கு வருவார். சோளமும் சொக்கப்பனையும் முடிந்து இருபத்தொன்பதாம் தேதி பஸ் ஏறிவிடுவார். மிச்ச நாளெல்லாம் அம்மா என்மேல் எரிந்து விழுவாள்.

1993இல் அவர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். சாவோ பாவ்லோவில் கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட், எங்கள் ஊரில் இருநூற்றிருபது. அங்கிருந்து வரும் சாமானை இங்கே நேராகச் சுவரில் செருகினால் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஸுலைடி அம்மாளின் மிக்சி அப்படித்தான் புகைந்து போனது. எங்கள் தெருவில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

பெட்டியின் அடியில் பேனாவால் ‘எவெர்ட்டன்’ என்று எழுதியிருந்தது.

“யாருப்பா இது?”

“கடைக்காரன் பேரு. பேசாம ஆடு.”

பத்துக் கோட்டைகளைப் பிடிக்கும் ஆட்டம் அது. அணைத்தால் மறுபடி முதல் கோட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாளே அப்பா என்னைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

“நேய்டி, பத்தாவது கோட்டையைப் பிடிச்சிட்டுத்தான் இந்த வருஷம் பஸ் ஏறுவேன். சத்தியம்.”

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்துதான் ஆடுவோம், ஒருவர் விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது. ஏழாவது கோட்டை வரை ராணி மாதிரி ஆடுவேன். அதற்குமேல் வேண்டுமென்றே பள்ளத்தில் விழுவேன்.

“அங்க மட்டும் உனக்கு எவன்டி வாழைப்பழத் தோல் போட்டு வைக்கிறான்?” என்று அப்பா தலையில் குட்டுவார்.

அம்மாவுக்கு என் கள்ளத்தனம் புரிந்துவிட்டது. அடுப்படியில் என்னை இழுத்து, சோளக் கூழை வாயில் ஊட்டி, “இன்னும் நல்லாத் தோத்துத் தொலைடி என் தங்கமே” என்றாள். அந்தப் பதினோரு நாளும் அவள் என்னைத் திட்டவே இல்லை.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் என்னைச் சோளமாவு வாங்க அனுப்பினார் அப்பா. திரும்பி வந்தால் டிவியில் பத்தாவது கோட்டையின் வாசல் நிற்கிறது. தனியாகவே ஆடிப் போயிருக்கிறார், பாவி மனுஷன். ஆட்டத்தை அணைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பயணத்துக்கு முந்தின நாள் குளியல் அது. சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். சுவரில் நேராகச் செருகினேன். தெரிந்தேதான் செருகினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ஸுலைடி அம்மாள் வீட்டில் அன்றைக்கு வந்த அதே நாற்றம். இனி கோட்டையும் இல்லை, பஸ்ஸும் இல்லை என்று நினைத்தேன்.

துண்டோடு ஓடிவந்த அப்பா கை ஓங்கினார். அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன்கிட்டப் போய் நான் என்னத்தைச் சொல்வேன்?”

கடைக்காரனைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை பெட்டியைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். “அங்கதான் இதுக்குப் பார்ட்ஸ் கிடைக்கும். அடுத்த ஜூன்ல சரிபண்ணிக் கொண்டாரேன்” என்றார்.

அடுத்த ஜூனில் அவர் வரவில்லை. அதற்கடுத்த ஜூனிலும் இல்லை. “நீ அதை எரிக்காம இருந்திருந்தா அந்த ஆளு வந்திருப்பான்” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் அதை நம்பினேன்.

இருபத்தாறு வருடம் கழித்து ஒரு போன் வந்தது. அப்பா போய்விட்டார், ஏழாம் நாள் பூசைக்கு வர முடியுமா என்று ஓர் ஆண்குரல் கேட்டது. சாவோ பாவ்லோவுக்குப் போனேன். கதவைத் திறந்தவனுக்கு அப்பாவின் மூக்கு, என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.

“நான் எவெர்ட்டன்” என்றான்.

பெட்டியின் அடியில் பேனாவால் எழுதியிருந்த அதே பேர். உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தான். நல்ல பிள்ளை, வெறுக்கவும் வழியில்லை.

“என் வீடியோ கேமை எரிச்சது நீங்கதானாக்கா? எரிச்சது கூட வேலை பாக்குறவர் பொண்ணுன்னு அப்பா அன்னிக்குச் சொல்லியிருந்தாரு. ஆஸ்பத்திரியிலதான் உண்மையைச் சொன்னாரு.” சிரித்தான். “அப்ப ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம அழுதேன். சின்னப்பய புத்தி, விட்டேனா? ‘இனிமே ஜூன்ல எங்கயும் போகமாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு’ன்னு பிடிச்சுக்கிட்டேன்.”

“பண்ணினாரா?”

“பண்ணினாரு. கடைசிவரைக்கும் மீறலைக்கா.”

காப்பியைக் கீழே வைத்தேன். அப்பா எங்கும் போகாமல் இருக்கவேண்டும் என்றுதான் அன்றைக்கு அதை எரித்தேன். அவரும் எங்கும் போகவில்லை.