கோரைப்பாய்க் கணக்கு

லூர்தம்மாளுக்கு மண்ணூர்பேட்டையில் திருகாணி செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை. தரக்கட்டுப்பாடு படிக்க நிர்வாகம் அனுப்பியவர்களில் அவளும் ஒருத்தி. அன்று சாயங்கால வகுப்பில் வாத்தியார் இரண்டு வரிசை எழுதினார். மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு; கீழே ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது. இரண்டுக்கும் சராசரி ஐந்துதான். எது எவ்வளவு சிதறுகிறது என்று சொல்வதுதான் வேரியன்ஸ்.

ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து விலகிய தூரத்தை, குறைந்தால் கழித்தல் கூடினால் கூட்டல் என்று குறியிட்டு, அவள் கூட்டிப் பார்த்தாள். பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம்.

"வர்க்கமாக்கிட்டு அப்புறம் கூட்டணும்மா," என்றார் வாத்தியார். ஏன் என்று கேட்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்பத்தூர் ஏரிக் காற்று முகத்தில் பட, கண் செருகியது.

வெளியே தண்டவாளம் ஒற்றைக் கோடாகிவிட்டது. அதன் நடுவில் ஐந்து. அங்கிருந்து இடப்பக்கம் போனவர்களும் வலப்பக்கம் போனவர்களும் திரும்பி வந்து, ஒருவரையொருவர் தொட்டதும் தண்ணீரில் உப்பாகக் கரைந்தார்கள். மறுபடி நடந்தார்கள். இம்முறை ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் சதுரமாக ஒரு கோரைப்பாயை விரித்தார்கள். இரண்டடி போனவன் பாயில் நாலு கட்டம், நாலடி போனவன் பாயில் பதினாறு. எந்தப் பக்கம் போட்டாலும் பாய் பாய்தான், ஒன்றும் கரையவில்லை. ஒவ்வொரு வரிசையின் கட்டங்களையும் அதிலிருந்த நாலு பேருக்கும் சமமாகப் பங்கிட்டாள். முதல் வரிசையில் ஆளுக்கு இரண்டு, அடுத்ததில் ஆளுக்குப் பத்து.

"எங்கம்மா எறங்கணும்?" எதிரில் இருந்த பூக்காரம்மா தோளைத் தொட்டாள்.

"ஆவடி."

"அது எப்பவோ பூட்சே. இது திண்ணனூரு."

லூர்தம்மாளுக்குப் பதற்றமே வரவில்லை. இறங்கி, எதிர் வண்டி வரும்வரை நடைமேடைப் புழுதியில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவடியில் அவள் புருஷன் இக்னேஷியஸ் சைக்கிளோடு நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"இன்னா ஆச்சு உனுக்கு? எல்லா வண்டியும் பாத்துகினு கீறேன்."

"தூங்கிட்டேன்யா. வேரியன்ஸ் வந்துடுச்சு."

"யாரு அது?"

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. சேக்காட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவன் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தான்.

"பாய் எதுக்குன்னு மட்டும் இன்னொருவாட்டி சொல்லு," என்றான்.