யாருக்கு மாறுதல்?

ஃபெமினாவுக்குத் தமிழ் எம்.ஏ. படித்த திமிர் கொஞ்சம் உண்டு. அதுதான் வினையாகப் போயிற்று.

அரசு ஊழியர் சங்கத்தின் மாநிலத் தலைவர் தேர்தலில் சுரேஷ்குமார் நின்றார். நின்றார் என்ன, ஓட்டை எண்ணிப் பார்க்காமலே ஜெயித்துவிட்ட மாதிரிதான். திருச்சியில் எந்த அரசு அலுவலகத்தில் போய் "அண்ணன்" என்று சொன்னாலும் அது அவரைத்தான். சாவு வீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். கல்யாண வீடென்றால் பந்தி பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார். மைக்கைப் பிடித்தாரென்றால் தூங்கிக்கொண்டிருந்த கிளார்க்கெல்லாம் நிமிர்ந்து உட்காருவான். சுவரெங்கும் அவருடைய சிரித்த முகம், அதற்குக் கீழே இரண்டே வார்த்தை: "மாறுதல் உறுதி."

அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் ஃபெமினாவுக்குக் கை அரித்தது. காலேஜ் நாளிலிருந்தே படித்த புத்தகம் அப்படி. எவன் மாறுதல் என்றாலும் யாருக்கு என்று கேட்காமல் அவளால் சும்மா இருக்க முடியாது. அவருடைய வாக்குறுதிகளை வரிவரியாகப் படித்தாள். தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கிற துப்புரவுப் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களைப் பற்றி இல்லை. பெண்களுக்கு உருப்படியாக ஒரு கழிப்பறை வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் அவர் மாநாட்டுப் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டது மட்டும் ஒப்பந்தக்காரர்கள். உட்கார்ந்து எழுதித் தள்ளிவிட்டாள். "யாருக்கு மாறுதல்?" என்று தலைப்பு. சங்க இதழில் போட்டார்கள். கடைசிப் பத்தி இப்படி:

"மாறுதல் தருகிறேன் என்கிறார் அண்ணன். நல்லது. இவர் தரும் மாறுதலுக்கு விலை கொடுப்பது யார்? அடிமட்டத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்."

எழுதியதைத் தானே இரண்டு தரம் படித்துப் பார்த்து மெச்சிக்கொண்டாள். பாவம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை வேதவதி. பக்கத்து சீட்டுக்காரி, ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். சங்கத்தில் பழகிய பத்து வருஷச் சிநேகிதி, இந்த ஆபீசுக்கு வந்து ஒரு வருஷம்தான்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணியிருக்கே நீ? டிரான்ஸ்ஃபருக்குக் காசு வாங்கறார்னு அப்பட்டமா எழுதிட்டியே!"

"யாரு, நானா? எங்கே எழுதினேன்?"

"மாறுதலுக்கு விலை கொடுப்பது யார்னா வேற என்னடி அர்த்தம்?"

"ஐயோ வேதா, மாறுதல்னா மாற்றம். சமூக மாற்றம். அவர் போஸ்டர்ல போட்டிருக்கிற மாறுதல்."

"ரங்கநாதா!" என்று வேதவதி தலையில் கைவைத்துக்கொண்டாள். "நாள் பூரா மாறுதல் ஆணை டைப் அடிக்கறவ பேசற பேச்சா இது? நம்ம ஆபீஸ்ல மாறுதல்னா ஒண்ணே ஒண்ணுதான். அவர் போஸ்டர்ல மாற்றம்னு போடாம மாறுதல்னு ஏன் போட்டார்னு நினைக்கறே? எனக்கு ஓட்டுப் போடு, கேட்ட ஊருக்கு உன்னை மாத்தித் தரேன்னுதான். அது ப்யூனுக்குக்கூடப் புரிஞ்சுது. தமிழ் படிச்ச உனக்குப் புரியல."

ஃபெமினா சிரித்துவிட்டாள். வேதவதி சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

ஏனென்றால் அவளே ஒரு மாறுதலில் வந்தவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரியலூரில் வேலை. தென்னூர் வீட்டில் கணவர் ஆசீர் தனியாக இருந்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் தில்லை நகரில் டயாலிசிஸ் என்று ஆனபோது அவள் அழுதுகொண்டு போய் நின்றது சுரேஷ்குமார் முன்னால்தான். "காலியிடம் ஒண்ணு இருக்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வாரமே ஆணை வந்தது. அதற்கு அவளிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை மனுஷர். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி, அவள்தான் பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் அவரைக் கூட்டிப்போவதும் கூட்டி வருவதும். மெஷினிலிருந்து எழுந்தால் ஆசீருக்குக் கால் நிற்காது. தோளில் சாய்த்து மாடிப்படி ஏற்ற வேறு ஆள் கிடையாது. பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் மும்பையில். அவளைத் தூக்கிக் கூடலூருக்கோ ராமேஸ்வரத்துக்கோ அடித்தால் ஆசீர் கதி என்ன?

நன்றி வேறு, கொள்கை வேறு என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டுதான் எழுதினாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தபோது அந்த வீறாப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஃபோன் வர ஆரம்பித்தது. முதலில் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண். "அக்கா, நீங்க எழுதினது அத்தனையும் நெசம். நானும் குடுத்துட்டுத்தான் வந்தேன். என் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க." நான் அதை எழுதவேயில்லை அம்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். பிறகு கரூரிலிருந்து ஒருவர். பிறகு பெயர் சொல்லாத இன்னொருவர், நகையை விற்றுக் கொடுத்தேன் என்றார். வார்த்தை தடுக்கி எங்கோ விழப் போனவள், நேராகப் போய் நிஜத்தின் மேலேயே விழுந்திருக்கிறாள். மாதாவே, இதைத் தெரிந்துகொள்ள அவள் கேட்கவே இல்லையே!

அப்புறம் வேறு மாதிரி ஃபோன். ஆண் குரல், நல்ல மரியாதை. "வீட்டுக்காரர் சௌக்கியமா மேடம்?" அவ்வளவுதான், கட். மறுநாளும் அதே குரல், அதே கேள்வி. வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் டீ குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். அவன் யாரையோ எதிர்பார்த்துக் காத்திருந்த அப்பாவியாகவும் இருக்கலாம். ஆனால் பயம் வந்த மனசுக்கு அப்பாவி யார், அடியாள் யார்? வைகாசி வெயிலில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஆசீர் வேர்த்து விறுவிறுத்து, "என்ன ஃபெமி, கொள்ளைக்காரனா வரப்போறான்?" என்று கேட்டதற்கு, கொசு என்று சொன்னாள்.

சனிக்கிழமை கிளினிக்கில் ஆசீரின் கையில் ஊசி ஏற்றி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையை விலக்கிக்கொண்டு சுரேஷ்குமாரே உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், அதே சிரிப்பு. கையில் ஒரு பையில் சீவிய இளநீர்.

ஃபெமினா பதறி எழுந்தாள். "சார், இளநீர் இவருக்கு ஆகாது. பொட்டாசியம்..."

"தெரியும்மா. இது உங்களுக்கு. வெயில்ல அலையறீங்களே." ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆசீர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்படி இருக்கீங்க ஆசீர் சார்? செவ்வா, வியாழன், சனிதானே? நாலு மணி நேரம் ஆகுதில்ல?"

எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். ஆசீர் பாவம், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க" என்று படுத்தபடியே கும்பிடப் பார்த்தார்.

"என் மேல அம்மாவுக்கு என்ன கோபம்னு தெரியல. நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. நான் சொன்னேன், ஃபெமினா அம்மா படிச்சவங்க, அவங்க எழுதினது மாற்றத்தைப் பத்தித்தான், நீங்கதான் தப்பாப் படிக்கறீங்கன்னு. சரிதானே?"

"சத்தியமா சார். நான் நினைச்சது அதேதான்."

"அப்ப பிரச்சினையே இல்ல. நாளைக்கு ஸ்ரீரங்கத்துல கூட்டம். மேடையேறி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. உங்களை நான் பொய் சொல்லச் சொல்லலியே." எழுந்து ஆசீரின் காலைத் தொட்டுத் தடவிக் கொடுத்தார். "இவரை நல்லாப் பாத்துக்கங்க. நீங்க பக்கத்துலயே இருக்கணும்."

அவர் போன பிறகும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மிரட்டல் வார்த்தை அந்த மனுஷர் வாயிலிருந்து வரவில்லை. இருந்தும் ஃபெமினா அந்த இளநீரைத் தொடவில்லை. பரவாயில்லை, சொல்லிவிடலாம், அதுதானே உண்மை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல ஏன் இத்தனை தைரியம் தேவைப்படுகிறது என்று மட்டும் யோசிக்காமல் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினார்கள். நீ மேடையேறுவதை நான் பார்க்க வேண்டாமா என்று ஆசீர் பிடிவாதமாகக் கூட வந்தார். கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள், கல்யாணம்தான் போங்கள். வேதவதி ஓடி வந்து, "ஒரு நிமிஷம் பேசிட்டு இறங்கிடு. கோவில்ல தாயார் இருக்கா, ஒண்ணும் ஆகாது" என்று அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஆசீரைக் கடைசி வரிசை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தாள்.

கை கழுவும் இடத்தில் ஒரு பெண் ஃபெமினாவை வழிமறித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பஸ்ஸில் கசங்கிய சேலை.

"அக்கா, என்னைத் தெரியாது உங்களுக்கு. வள்ளிக்கண்ணு. இப்ப நீங்க உட்கார்ற சீட்டுல அதுக்கு முன்னாடி நான்தான் இருந்தேன்."

"அது காலியிடம்னு சொன்னாங்களே?"

"காலி பண்ணினாங்கக்கா. என்கிட்ட காசு கேட்டாங்க, குடுக்க முடியல. உங்களுக்கு இடம் வேணும்னு என்னை அரியலூருக்குத் தூக்கிட்டாங்க. திருவானைக்காவல்ல என் பொண்ணு இருக்கா, நடக்க வராது. அக்கம்பக்கத்துல விட்டுட்டுத்தான் தினம் போயிட்டு வரேன். உங்க மேல கோபம் இல்லக்கா, உங்க வீட்டுக்காரர் நிலைமை தெரியும். ஆனா விலை கொடுப்பது யார்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சுட்டு அழுதேன். நமக்காக ஒருத்தங்க எழுதிட்டாங்களேன்னு."

ஒருத்தியை விரட்டிவிட்ட நாற்காலியில்தான் ஃபெமினா இரண்டு வருஷமாக உட்கார்ந்துகொண்டு, விலை கொடுப்பது யார் என்று ஊரைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதற்குள் மைக்கில் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

மேடையேறினாள். சுரேஷ்குமார் எழுந்து வந்து மைக்கை அவள் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மாறுதல்னு எழுதினது... டிரான்ஸ்ஃபரை இல்ல. மாற்றத்தைத்தான் எழுதினேன். யார் காசு வாங்கறாங்கன்னு எனக்கு அப்ப எதுவுமே தெரியாது."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். சுரேஷ்குமார் சிரித்தபடி மைக்கை வாங்கக் கை நீட்டினார். கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். கடைசி வரிசையில் ஆசீர் பெருமையாகக் கைதட்டுவது தெரிந்தது. நடு வரிசையில் வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபெமினா மைக்கை விடவில்லை.

"இன்னும் முடியல. அப்ப தெரியாது. இப்பத் தெரியும். நாலு பேர் என்கிட்டயே சொன்னாங்க. எனக்குக் காலியிடம்னு சொல்லிக் குடுத்த சீட்டு காலியா இல்ல. அதுல ஒருத்தங்க இருந்தாங்க. குடுக்க முடியலைன்னு அவங்களைத் தூக்கிட்டு என்னை உட்கார வச்சாங்க. நான் உட்கார்ந்திருக்கிறது வள்ளிக்கண்ணுவோட இடம். அவங்க இங்கதான் இருக்காங்க."

வேதவதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

சுரேஷ்குமாரின் சிரிப்பு ஒரு துளி குறையவில்லை. மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். மறு கையை அவள் தோளில் ஆதரவாக வைத்தார்.

"பாத்தீங்களா தோழர்களே! இதுதான் நம்ம சங்கம். கீழ எவனோ செஞ்ச தப்பு என் காதுக்கு வரல. சகோதரி ஃபெமினா கொண்டுவந்துட்டாங்க. வீட்டுல நோயாளிக் கணவரை வச்சுக்கிட்டும், இது என் இடம் இல்ல, அந்தம்மாவுக்கே திருப்பிக் குடுங்கன்னு மேடையில வந்து கேக்கறாங்க. யாருக்கு வரும் இந்த மனசு? கவலையே படாதீங்க தங்கச்சி. நீங்க கேட்டதை நான் செஞ்சு தரேன். நாளைக்கே செஞ்சு தரேன். அம்மா வள்ளிக்கண்ணு, எழுந்திரிங்க, நீங்க திரும்ப இங்க வரீங்க!"

நான் அப்படிக் கேட்கவில்லை என்று ஃபெமினா சொன்னாள். மைக் அவளிடம் இல்லை. முன்வரிசை எழுந்தது, பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அண்ணன் வாழ்க என்று யாரோ கத்தினார்கள். வள்ளிக்கண்ணு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கண்ணில் தண்ணீர் வழிய, மேடையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அவள் பெண் திருவானைக்காவலில் தனியாகக் கிடக்கிறது.

எழுந்து நின்ற தலைகளுக்கு நடுவே ஃபெமினா ஆசீரைத் தேடினாள். கடைசி வரிசையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க சம்சாரத்துக்குத் தங்கமான மனசு சார்" என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆசீர் அவரைப் பார்க்கவில்லை. பயந்துபோன கண்ணோடு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த டயாலிசிஸ் நாளை மறுநாள்.