வெல்மாராவை நிறுத்த ரெண்டு ஆள்

பெட்டியைப் பிரித்ததும் சூர்யநாராயணன் முதலில் பார்த்தது சிலையை அல்ல, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைத்தான். அதில் இரண்டு ஆட்கள். ஒருவன் சிலையின் இடுப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், இன்னொருவன் பீடத்தின் கம்பியைக் காலடித் துளைக்கு நேராகக் கொண்டுவருகிறான். பக்கத்தில் ஒற்றை ஆளை வரைந்து, அவன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி அடித்திருந்தார்கள்.

மாடம்பாக்கத்து ஃபிளாட்டில் இருந்தது அந்த ஒற்றை ஆள்தான்.

சிலை வெல்மாராவுடையது. சூர்யநாராயணன் விரும்பி ஆடும் வீடியோ கேமில் வருகிற படகோட்டிப் பெண். தோளில் நங்கூரம், காலடியில் சுருண்டு எழும் அலை. நல்ல கனம். முன்பதிவு செய்தபோது மனைவி ரமா வீட்டில் இருந்தாள். மகள் ஸ்ரீவித்யாவின் பிரசவத்துக்கென்று புனே போனவள், குழந்தை குப்புற விழட்டும், தவழட்டும், நடக்கட்டும் என்று அங்கேயே தங்கிவிட்டாள். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது சமாதானம் பேசப் போய்வரலாம்.

சிலை சேகரிப்பவர்களின் ஆன்லைன் குழுவில் அவருக்கு ஒரு பேர் உண்டு. பெயின்ட், முகம், பொருத்தம் என்று ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவார். இருக்கிற குறையை மறைத்ததில்லை, இல்லாத குறையை எழுதியதில்லை. "சூர்யா சார் எட்டு போட்டா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார்கள். இந்தச் சிலையை விற்றவர் கறாராகச் சொல்லியிருந்தார்: முழுசாகப் பொருத்துவதை வீடியோ எடுக்க வேண்டும், குறை இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும், கழற்றி அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டும்.

ரமாவுக்குப் போன் போட்டார்.

"பொம்மையத் தூக்கறதுக்கு நான் புனேலேர்ந்து வரணுமா? நன்னாருக்கே!"

"வான்னு யார் சொன்னா? விஷயத்தைச் சொன்னேன், அவ்ளோதான்."

"எதிராத்துக்காராளைக் கூப்பிடுங்கோ. இருங்கோ, குழந்தை சுவிட்சைத் தொடறது." போன் வைக்கப்பட்டது.

எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அழைப்பு மணிமேல் விரலை வைத்தார். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. விரலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

கடைசியில் யாசீனுக்கு எழுதினார். கூடுவாஞ்சேரியில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருஷக்கணக்காகக் குழுவில் அவரோடு மார்க்குக்காக மல்லுக்கட்டுகிறவன். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. உடனே பதில் வந்தது: "லொகேஷன் அனுப்புங்க சார். வெல்மாராவுக்காக ஊரப்பாக்கம் டிராஃபிக்ல நீஞ்சியே வந்துடுவேன்."

ஞாயிறு காலை சூர்யநாராயணன் ஹாலைப் பெருக்கினார். கேம்ப் ரோடு வரை போய்ப் போண்டா வாங்கிவந்தார். போட்டிருந்த சட்டையை மாற்றிக்கொண்டார்.

யாசீன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பெட்டியைப் பார்த்துவிட்டான். "மாஷா அல்லா! முகத்தப் பாருங்க சார். சரி, எடுங்க, நிறுத்திடலாம்."

ரவை டப்பாவில் போனைச் சாய்த்து வீடியோவை ஓடவிட்டார்கள். யாசீன் சிலையை இடுப்போடு அணைத்துத் தூக்கினான். இவர் பீடத்தின் பக்கம் மண்டியிட்டார்.

"இன்னா வெயிட்டு இது! இதுக்கு எங்க கடை டேபிள் கிளாஸே தேவல. லெஃப்ட்ல நகத்துங்க."

"நகத்திட்டேனே."

"உங்க லெஃப்ட் இல்ல, வெல்மாராவோட லெஃப்ட்டு!"

"அந்தப் பக்கம் நங்கூரம்னா இடிக்கறது!"

"அய்யோ, வழுக்குது. அண்ணா, புடிங்க புடிங்க, உட்றாதீங்க!"

இவர் எழுந்து தோளைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சிலையைக் கம்பிக்கு நேராக நகர்த்தினார்கள். பிறகு டக்கென்று கம்பி உள்ளே இறங்கியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

"ஒம்பதரை போட்டுடுங்க சார்."

"மூக்குப் பக்கம் நிழல் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே?"

"உங்க கண்ணாடிய மாத்துங்க. நம்ம கடைக்கு வாங்க, டிஸ்கவுண்ட்ல போட்டுத் தரேன்."

"நீ விக்கறது ஜன்னல் கண்ணாடிப்பா."

"உங்க கண்ணுக்கு அதான் சரி."

இவர் காபி கலக்க எழுந்தபோது யாசீனின் போன் அடித்தது. கடையில் ஆள் காத்திருக்கிறாராம். போண்டாவில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினான். "நல்லா செக் பண்ணிப் பாருங்க சார். குறை ஏதாவது இருந்தா ஒரு போன் போடுங்க. கழட்டி பேக் பண்றதுக்கும் ரெண்டு ஆள் வேணும்ல? வந்துடறேன்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

சாயங்காலம் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தார். அலையின் நுரை, நங்கூரத்தின் துரு, விரல் நகம், காதுமடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழக்கமாக எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பயந்துகொண்டேதான் பார்ப்பார். அன்றைக்கு ஏதாவது படாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பீடத்துக்கு அடியில்கூடக் கன்னத்தைத் தரையில் வைத்துத் தேடினார். ஒரு கீறல் போதும், ஒரு பெயின்ட் துளி போதும்.

ஒன்றும் இல்லை. மூக்கு நிழல்கூடச் சரியாகத்தான் இருந்தது.

போனை எடுத்து, "வலது தோள்ல கீறல் மாதிரி தெரியறது. வந்து பார்க்க முடியுமா?" என்று தட்டினார். சிலையின் வலது தோளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். "குறை எதுவும் இல்லை" என்று அனுப்பினார்.

"சூப்பர் சார்! அப்ப ஒம்பதரை கன்ஃபார்ம்!"

வெகு நேரம் யோசித்து இன்னொன்றும் அனுப்பினார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மா வாங்களேன். பேசிண்டிருக்கலாம்."

"கடைல வேலை டைட் சார். கண்டிப்பா ஒரு நாள் வரேன்." கூடவே கைகூப்பிய எமோஜி ஒன்று.

விமர்சனத்துக்குப் படம் எடுக்கிற சாக்கில் காலை வீடியோவை ஓட்டிப் பார்த்தார். யாசீன் கத்திய இடம் வந்தது. வாசலுக்கு வந்ததிலிருந்து போகும்வரை சார் சார் என்றவன், அந்த ஒரு இடத்தில் மட்டும் அண்ணா என்றிருக்கிறான். திருப்பி ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

எழுதி முடிக்க இருட்டிவிட்டது. ஒன்பதரை போட்டார். அவர் படங்களில் சிலையைத் தவிர ஒரு நிழல்கூட விழாது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை இரண்டாவது படத்தை வீடியோவிலிருந்து எடுத்துப் போட்டார். வெல்மாராவின் இடுப்பை ஒரு கை சுற்றிப் பிடித்திருக்க, தோளில் இன்னொரு கை இருந்தது.

முதல் கமென்ட் மெர்வின் என்கிற பையனிடமிருந்து வந்தது. "செம்ம ரிவ்யூ சார். ஆனா ரெண்டாவது போட்டோல கையெல்லாம் வந்துகீது. கிராப் பண்ணிடுங்க."

சூர்யநாராயணன் படத்தைத் திறந்தார். ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தார். கைகள் மறைந்ததும் சிலை மட்டும் வெகு சுத்தமாக நின்றது. மறுபடி ஓரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார்.

"இருக்கட்டும் மெர்வின்" என்று பதில் எழுதினார்.