சகலையின் பிடி

கண்ணாடிக் கடைக்காரருக்குக் குங்ஃபூவில் பத்தொன்பது வருஷப் பழக்கம். பகலெல்லாம் வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து லென்ஸ் தேய்ப்பார். வாரத்தில் மூன்று மாலை, கடைக்கு மேலே மாடியில் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுப்பார். குதிரைமேல் உட்கார்ந்தாற்போல் முழங்காலை மடித்து இருபது நிமிஷம் அசையாமல் நிற்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் இருபத்தோராவது நிமிஷம்தான் பதில் வரும்.

அவருடைய மனைவியின் தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருஷமாக ஜூஜிட்சு கற்றுக்கொண்டிருந்தார். அது அடிக்கிற கலை இல்லை. ஆளைப் பிடித்து, கீழே தள்ளி, கையையோ கழுத்தையோ மடக்கி, எதிராளி தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை விடாத கலை. இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் முட்டும்.

"பிடிக்கணும்னா நீ கிட்ட வரணும்ல, சகல? வர்றதுக்குள்ள மூணு அடி கொடுத்திருப்பேன்."

"வாங்கிக்கிறேன் அண்ணே. நாலாவதுக்கு நீங்க தரையில இருப்பீங்க."

"தரையில எனக்கென்ன வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கண்ணாடிக்காரரின் மனைவிதான் இதற்கு ஒரு முடிவு கட்டினார். "கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் நிஜமாவே போட்டுப் பாத்துடுங்க. சாப்பாட்டுக்கு வந்துடணும்."

மெக்கானிக்கின் பயிற்சிக்கூடம் பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. தரை முழுக்க நீல மெத்தை. அங்கே பயிற்சி தருகிற பல் டாக்டர் அம்மா கையில் கடிகாரத்தோடு நின்றார். "கண்ணுல குத்தக் கூடாது. தட்டினா விட்டுடணும். அவ்வளவுதான்" என்றார்.

கண்ணாடிக்காரரின் கை வேகமானதுதான். முதல் குத்து சகலையின் நெற்றியில் சரியாக விழுந்தது. அதை நினைத்து மகிழ்வதற்குள் யாரோ அவருடைய இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டார்கள். மேற்கூரையில் ஒரு தகரம் மட்டும் புதிது என்று கவனித்தார். அப்புறம் கழுத்து இறுகியது. தட்டினார்.

"பதினோரு விநாடி" என்றார் டாக்டர்.

இரண்டாவது சுற்றில் உதைத்துப் பார்த்தார். உதைத்த கால் திரும்பி வரவில்லை. மூன்றாவது சுற்றில் நாற்பது விநாடி தாக்குப்பிடித்தார். அதில் முப்பது விநாடி ஓட்டம். இப்படி ஏழு சுற்று, ஏழு தோல்வி. ஒவ்வொரு முறையும் சகலை அவரைப் பிறந்த குழந்தையைப்போல் பதமாகக் கீழே கிடத்தினார். அதுதான் வலித்தது.

"யாரு ஜெயிச்சா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

"என்ன சமையல்?" என்றார். மனைவி தட்டில் கொஞ்சம் கூடவே வைத்தார்.

மறுநாள் லென்ஸ் தேய்த்துக்கொண்டே, மாணவர்களிடம் சொல்ல நாலைந்து சமாதானங்களைத் தயார்செய்தார். நிஜச் சண்டை வேறு. தெருவில் மெத்தை கிடையாது. மாலையில் பன்னிரண்டு முகத்தையும் பார்த்ததும் வேறு ஏதோ வாயில் வந்தது.

"நேத்து என் சகலைகிட்ட ஏழு தடவை தோத்தேன். கீழ விழுந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. அதனால உங்களுக்கும் தெரியாது."

ஐந்து பேர் அதோடு நின்றுவிட்டார்கள். மிச்சம் ஏழு பேருக்காக அவர் சகலைக்குப் போன் செய்தார்.

சகலை புதன்கிழமை வந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. கண்ணாடிக்காரருக்கு அதுவே கலக்கமாக இருந்தது. எப்படி விழுவது, எப்படிப் பிடியிலிருந்து நழுவுவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் போன பிறகு சகலை மாடிப்படியில் நின்றார்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அன்னிக்கு நீங்க குத்தினப்ப நான் கண்ணை மூடிட்டேன். ஏழு தடவையும் கண்ணை மூடிட்டுத்தான் உள்ள பாஞ்சேன். எங்க இடத்துல யாரும் குத்த மாட்டாங்க. மூஞ்சிக்கு நேரா கை வந்தா எனக்கு உதறுது."

கண்ணை மூடிக்கொண்டு வந்த ஆளிடம் ஏழு முறை தோற்றது ஆறுதலா, இன்னும் பெரிய அவமானமா என்று கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். இரண்டுமாகவும் இருந்தது.

"மேல வா" என்றார்.

சகலையை நிற்கவைத்து, அவர் மூக்குக்கு நாலு விரல் முன்னால் வந்து நிற்கும்படி மெதுவாகக் கை வீசினார். கண் மூடியது. மறுபடி வீசினார். புதன்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும் நூறு தடவை. நூறாவது வீச்சுக்குப் பிறகு சகலை அவரைக் கீழே தள்ளி, எழுந்திருக்கச் சொல்லிக்கொடுப்பார்.

ஆறாவது வாரம் வேகத்தைக் கூட்டினார்கள். சகலை இமைக்கவே இல்லை. குத்து கிளம்பியது, நெருங்கியது, மூக்கில் இறங்கியது, எல்லாவற்றையும் விழித்தபடியே பார்த்தார். ரத்தம் சட்டையில் சொட்டியது.

"பாத்தேன் அண்ணே" என்றார், மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு. "முழுசா பாத்தேன்."

"விலகியிருக்கலாமே, சகல?"

"அது அடுத்த வாரம்."

மைத்துனி பத்து நாள் அக்கா கணவரோடு பேசவில்லை.