கேள்வி இல்லாத வினாத்தாள்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மீன்கடைக்கு மேல்மாடியில் தவரத்தினம் ரியூசன் வகுப்பு வைத்திருந்தார். முன்பு அதே அறையில் கைபேசி விற்றவர். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதும் பிரெவே சோதனைதான் இப்போது அவருடைய வியாபாரம்.

கணிதம் படிப்பிக்க நிரோஜினியைச் சேர்த்திருந்தார். பல்கலைக்கழக மாணவியான அவள் சனிக்கிழமைகளில் புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலில் வருவாள். படியேறும்போது மீன் கழுவிய தண்ணீரின் நாற்றமும் கூடவே ஏறும். அது விரைவில் பழகிவிட்டது. மேலே நடந்ததுதான் பழகவில்லை.

நாலு விடை தந்து ஒன்றுக்குப் புள்ளடி போடச் சொல்லும் பகுதியில்தான் தவரத்தினத்தின் கண். அதில் விளக்கம் எழுதத் தேவையில்லை. பள்ளிக்கூடச் சோதனைகளிலும் அது அடிக்கடி வந்தது; அந்தப் புள்ளிகளும் பிரெவேயில் சேரும். அவர் பழைய வினாத்தாள்களில் கேள்விகளை வெட்டிவிட்டு, விடைகளை மட்டும் பிரதியெடுத்துக் கொடுத்தார். கேள்வியை வாசிப்பதே நேர விரயம் என்பார். மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறியதையும் தள்ளிவிட்டு, மிச்ச இரண்டில் பார்வைக்கு நல்லதைப் பிடிக்க வேண்டும்.

அதில் கெட்டிக்காரி லக்ஷனா. சூயிங்கம் மென்றுகொண்டே கடகடவென்று புள்ளடி போடுவாள். அநேகமாக எல்லாம் சரியாக இருக்கும். ஒருநாள் 2, 10, 14, 48 என்ற விடைகளில் பத்தைத் தொட்டாள். ஏன் என்று நிரோஜினி கேட்டாள். பத்துத்தான் வடிவான எண் என்று லக்ஷனா பிரெஞ்சில் சொன்னாள். செங்கோண முக்கோணத்தின் நீளப் பக்கத்தைக் கேட்ட கணக்கு அது என்பது அவளுக்குத் தெரியாது.

நிரோஜினி பலகையில் வேறொரு முக்கோணம் கீறினாள். விடை ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகள் பேனாவோடு காத்திருந்தார்கள். கடைசியில் லக்ஷனா, தெரிவு செய்ய விடைகள் எங்கே என்று கேட்டாள்.

அதன்பின் நிரோஜினி கேள்விகளை மட்டும் கொடுத்தாள். பிள்ளைகள் வீட்டில் முறையிட்டார்கள். தவரத்தினம் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் கணிதம் படிப்பிக்க வேண்டாம். மார்க் எடுக்கப் பண்ணும். காணும்."

சித்திரை விடுமுறையில் பெற்றோரைக் கூப்பிட்டு விழா வைத்தார். லக்ஷனாவை முன்னால் நிறுத்தி, கேள்விகளை ஒரு மட்டையால் மறைத்துவிட்டுப் புள்ளடி போடச் சொன்னார். ஒன்றும் பிழைக்கவில்லை. சனம் கைதட்டியது. வித்தை காட்டிய களிப்பில் அவள் குனிந்து வணங்கினாள். தவரத்தினம் அவள் தலையைத் தடவினார்.

எழும்பி ஒரே ஒரு கணக்குக் கேட்டால் போதும் என்று நிரோஜினி நினைத்தாள். ஆனால் அவமானப்படப்போவது அவர் அல்ல, அந்தப் பிள்ளைதான். பக்கத்திலிருந்தவர்கள் பார்க்க, நிரோஜினியும் இரண்டு தரம் கைதட்டினாள். தன் கைகளே அவளுக்கு அருவருப்பாக இருந்தன.

வாசலில் லக்ஷனாவின் தாய் யோகராணி நன்றி சொல்ல வந்தாள். நிரோஜினி அவளைத் தனியே கூட்டிப் போனாள்.

"அக்கா, உங்கடை மகளுக்குக் கணக்கு ஒண்டும் தெரியாது."

"ஓம், எனக்குத் தெரியும்," என்றாள் யோகராணி அமைதியாக. "பாஸ் பண்ணினால் காணும். பேந்து ஆர் கேக்கப் போயினம்?"

அன்றைக்கே நிரோஜினி வேலையை விட்டாள்.

ஆடியில் லக்ஷனா நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தாள். அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து மீன்கடைக் கதவில் ஒட்டினார்கள். அந்த வழியாகப் போக நேர்ந்தால் நிரோஜினி எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போவாள்.

ஐப்பசியில் லக்ஷனாவே தொலைபேசி எடுத்தாள். புதிதாகச் சேர்ந்த மேல்வகுப்புப் பள்ளியான லிசேயில் புள்ளடிப் பகுதியே இல்லையாம். முதல் சோதனையில் பூச்சியமாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். அழுதுகொண்டே, வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் கேட்டாள்.

"அக்கா, முதல்லையிருந்து சொல்லித் தாறியளா?"

நிரோஜினிக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, கோபம். தவரத்தினத்தின் மேல், தாயின் மேல், அன்று தட்டிய தன் கைகளின் மேல். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

கார்ஜில் நிரோஜினி வீட்டுக் குசினி மேசையில் லக்ஷனா ஒரு பின்னக் கணக்கோடு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினாள். மூன்றாம் வகுப்புக் கணக்கு. பிழைத்தது. அழித்துவிட்டுக் கேள்வியை இன்னொருதரம், உதட்டை அசைத்து, சொல் சொல்லாக வாசித்தாள்.